சுடாத கால்

கண்ணை மூடிக்கோங்கம்மாங்கறா. மூடிக்கிட்டேன். மூடினா மட்டும் உள்ளுக்குள்ள ஓடறது நிக்கப் போகுதாக்கும். மக வயசுல ஒருத்தி கால்மாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து என்ர பாதத்தையே பாத்துக்கிட்டிருக்க, நான் மகராசியாட்டம் காலை நீட்டிக்கிட்டு இந்தக் கட்டில் மேல கெடக்கறேன், கூச்சமா இருக்குது. அதும் எப்பிடிக் காலு, பாளம் பாளமா வெடிச்சுப் புழுதி ஏறின காலு. பூச்சாட்டு ஆனதுல இருந்து நான் செருப்புத் தொடறதில்ல. வர்ற புதங்கெழமை எங்கூரு மாரியாத்தா கோயில் குண்டம், நெருப்புல எறங்கறவங்க அது முடியற வரைக்கும் வெறுங்காலோடதான் நடக்கோணும், நோம்பி வழக்கம் அது. இந்தப் புள்ளகிட்ட அதைச் சொல்லல. சொன்னா ஒரு பேச்சு, அதுக்கொரு பதில், எதுக்கு. எஸ்தர்னு பேராம். பஞ்சை நனைச்சுத் தொடைச்சு உட்டா, மொகத்தைச் சுளிக்கல, பாவம் நல்ல புள்ளதான். கதவுக்கு அந்தப்பக்கம் என்ர மருமக தாரணி காவலுக்கு உக்காந்திருக்கறா, நான் எந்திரிச்சு ஓடிப் போயிருவேன்னு. அவதான் இழுத்தாந்தது. "சக்கரை இருக்கறவங்களுக்குக் கால் நரம்பு செத்துப் போனாத் தெரியாதுங்கத்தை, ஒருக்கா டெஸ்ட்டு பண்ணிப் பாத்துக்கலாம்"ங்கறா. நரம்பு செத்துப் போறதாமா. வாயைக் கழுவுடின்னு சொல்லலாம்னு வந்துச்சு, நோம்பி சாட்டின நாளும் அதுவுமா. பையன் மொகத்துக்காகப் பேசாம வண்டியில ஏறினேன். காப்புக் கட்டிட்டா ஊர் எல்லையத் தாண்டக் கூடாது, செவ்வாக்கெழமை காப்பு, அதுக்குள்ள போயிட்டு வந்தரலாம்னு அவ நாள் பாத்திருக்கறா பாரு, கெட்டிக்காரிதான்.

நூலு. அட கருமமே, நூலைக் காட்டி என்னையப் பரிச்சை பண்றாங்க. பேனா மாதிரி ஒரு கட்டை, அதுக்கு நுனியில வெரக்கடை நீளத்துக்கு ஒரு நைலான் இழை, மீன் புடிக்கற தூண்டி நரம்பு மாதிரி. மொதல்ல என்ர கையில வெச்சுக் காட்டினா, லேசா அழுத்துச்சு, அழுத்தினதும் வளைஞ்சுக்கிச்சு. "இவ்வளவுதாம்மா. வலிக்காது. கால்ல எங்க பட்டாலும் தெரியுதுன்னு சொல்லுங்க"ன்னா. எனக்கா சொல்ற நூலைப் பத்தி. தறிக்குடோன்ல பொறந்து தறிக்குடோன்ல வாக்கப்பட்டவ நான், கண்ணை மூடிக்கிட்டு விரலால உருட்டினாப் போதும், அது எந்த நூலுன்னு சொல்லிருவேன், வேவாரிக்காரன் மாத்திக் குடுத்தா அங்கயே மொகத்துல உட்டெறிவேன். சொல்லு கண்ணு, வெய்யி, எங்க வெக்கற. வெச்சுட்டியா? இன்னும் வெக்கலியா? என்ன இந்தப் புள்ள இத்தனை நேரம் எடுக்குது. ஏசி வேற குளுகுளுன்னு மூஞ்சிக்கு நேராப் போட்டு வெச்சிருக்கறாங்க. டெட்டால் வாசம். கண்ணைத் தொறக்கலாமா? தொறந்தா பள்ளிக்கூடத்துல பாத்து எழுதற புள்ளையாட்டம் ஆயிரும். இப்ப வெச்சிருப்பா. "தெரியுது." ஒண்ணும் சொல்லல அவ. சரிதான் போலிருக்குது. கொஞ்சம் பொறுத்து, "தெரியுது." அவ ஸ்டூல் கிரீச்சுன்னுச்சு, அப்பக் குனியறான்னு அர்த்தம், "தெரியுது கண்ணு." அப்பறம் சத்தத்தைக் காணோம். சத்தமில்லாட்டியும் சொல்லித்தானே ஆகோணும், "ஆ, தெரியுது." அப்பத்தான் அவ மெல்லமா, "அம்மா, நான் இன்னும் தொடவே இல்லியே"ங்கறா. மானமே போச்சு. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை, நானும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சிரிக்காமச் சொல்றா. "அவசரமில்லம்மா. தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, தெரியலைன்னா பேசாம இருங்க"ங்கறா. பேசாம இருக்கறது. அதுதான் என்ர வம்சத்துக்கே வராதே.

பேசாம இருக்கறேன். இருந்து பாத்தாத்தான் தெரியுது, அங்க கால்மாட்டுல என்னமோ நடக்குது, எனக்குத் தாக்கல் வரல. பக்கத்தூட்டு விசேசத்துக்கு நம்மளைக் கூப்புடாத மாதிரி. வராட்டி என்ன? தெரியலைன்னா என்னவாம்? தெரியாததுக்குத்தானே ஊரே என்ர கால்ல உழுகுது. இவளுக்கு அது எங்க தெரியப் போகுது. மொத மொதல்ல நான் குண்டம் எறங்கினது என்ர பையன் பொழச்சதுக்கு. கைப்புள்ள, மூளைக்காச்சல்னாங்க, பொழைக்காதுன்னு டாக்டரே கையை விரிச்சுட்டாரு, ஆத்தா என்ர மடியில இதைத் திருப்பிப் போடு, நான் உசுரோட இருக்கற வரைக்கும் வருசா வருசம் உன்ர குண்டம் எறங்கறேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல உழுந்து கும்புட்டேன். பொழச்சுக்கிட்டான். இன்னைக்குத் தாரணிக்குப் புருசன். அந்த மொத வருசம், ஐயோ சாமி, ஊஞ்ச மரத்தை எரிச்சுக் கங்கைத் தட்டிப் பரத்தி வெச்சிருக்கறாங்க, பக்கத்துல நின்னாலே மூஞ்சி பொசுங்குது, மஞ்சச் சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டு வேப்பங்கொழையக் கையில புடிச்சுக்கிட்டு எறங்கினேன் பாரு, ஆத்தான்னு கூப்புட வாயத் தொறந்தா அம்மான்னு வந்துச்சு. சுட்டுருச்சு. உள்ளங்கால் ரெண்டும் கொப்புளம். ராத்திரிக்கு வீட்டுக்குப் பின்னால பொடக்காணியில உக்காந்து தண்ணிய ஊத்திக்கிட்டு அழுகறேன், என்ர மாமியா வந்து நின்னு, "விரதத்துல எங்கயோ கொறை வெச்சுட்ட நீயி, இல்லாட்டி ஏன் சுடுது, மத்தவளுக்கெல்லாம் சுட்டுச்சா"ன்னாங்க. எங்க கொறை வெச்சேன், எங்க கொறை வெச்சேன்னு நெனைச்சு நெனைச்சே அடுத்த வருசம் இன்னும் சுத்தமா இருந்தேன். அப்பவும் சுட்டுச்சு. அதுக்கடுத்த வருசமும். சுடச் சுடப் போய்க்கிட்டே இருந்தேன், வேற என்ன பண்றது, குடுத்த வாக்கு. வெளிய சொல்றதில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அக்கரை ஏறி, சிரிச்ச மொகமா விபூதி வாங்கிக்குவேன்.

அப்பறம் ஒரு வருசம் சுடல. நம்பவே முடியல எனக்கு. எறங்கினேன், கங்கு மேல கால் பதியுது, வெதுவெதுன்னு ஒரு இது, அவ்வளவுதான், பஞ்சு மூட்டை மேல நடக்கற மாதிரி நடந்து அந்தப்பக்கம் வந்துட்டேன். அன்னைக்கு நான் அழுத அழுகை. எத்தனை வருசம் கழிச்சு என்னைய ஏத்துக்கிட்டாளேன்னு. அடுத்த வருசம் அந்த வெதுவெதுப்பும் இல்ல. நடுக் குண்டத்துல நின்னு திரும்பிப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனேன், சனம் பூரா ஆத்தா ஆத்தான்னு கத்துது. கரையேறினதும் வயசுப் பொண்ணுங்க வந்து கால்ல மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புடறாங்க. அப்பறம் என்ன, வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்குது, ரங்காத்தா விபூதி போட்டா நல்லாகும்னு. நான் ஒண்ணும் சாமியாடி இல்லீங்க, சும்மா பூசி உடறேன்னுதான் பூசி உடறது. ஆனா உள்ளுக்குள்ள ஒரு இது இருந்துச்சு, இல்லேன்னு சொன்னாப் பொய். தலைய நிமுத்தி நடந்தேன். போன வருசம் எதிர்வீட்டு மரகதம் பாதிக் குண்டத்துல "சுடுது, சுடுது"ன்னு அலறி ஓடியாந்தா, ஊருச் சனம் அவளை என்ன பேச்சுப் பேசுச்சு, சுத்தபத்தம் இல்லாம எறங்கியிருப்பான்னு. மூஞ்சியச் சீலைக்குள்ள பொதைச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போனா. அந்தப் பக்கமா ஆரோ என்ர கால்ல உழுந்துக்கிட்டிருந்தாங்க.

"அந்தக் கால் பாத்தாச்சும்மா, இப்ப இந்தக் கால்"ங்கறா. அந்தக் கால் முடிஞ்சுதா? எப்ப? நான் ஒரு தெரியுது கூடச் சொல்லலியே. எத்தனை எடத்துல தொட்டேன்னு கேக்கலாமா? வேண்டாம், கேட்டாச் சொல்லிருவா. ஆணி. அந்த ஆணி நெனப்பு இப்ப எதுக்கு வருது. அதுனாலதான் வந்தது இத்தனையும். போன மாசம் ஒருநா மத்தியானம் சோறு உண்டுட்டுச் சித்த நேரம் படுத்திருக்கறேன், தாரணி என்ர காலைத் தாண்டிப் போனவ நின்னு, "அத்தை, காலுல என்னுங்க அது?"ன்னா. என்னடி? "ஆணிங்கத்தை." தறியில அடிக்கற சின்ன ஆணி, தலை மட்டும் வெளிய தெரிய, குதிங்கால்ல முழுசா ஏறிக் கெடக்குது. காலையில குடோன் கூட்டறப்ப ஏறியிருக்கோணும். அதோடயே தறிக்கு நூல் சுத்தித் தார் போட்டேன், அதோடயே கடைக்குப் போனேன், அதோடயே ஆட்டாங்கல்லுல உக்காந்து மாவாட்டினேன். அவ புடுங்கறா, ரத்தம் வருது, அவ அழுகறா, நான் என்ன சொன்னேன்? "பாத்தியாடி, ஆத்தா எனக்கு நோக உடலை பாரு"ன்னேன். அவ ஆணிய உள்ளங்கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்தா. அந்தப் பார்வைதான் எனக்குப் புடிக்கல. குண்டத்துச் சாம்பலை எடுத்து அப்பிக்கிட்டேன். ஆறிப் போச்சு. இல்ல, ஆறிப் போச்சுன்னு நெனைக்கறேன், அவ இப்பவும் தெனம் கட்டுப் போடறா, இங்க எஸ்தரு அதை அவுத்துத்தான் தொடைச்சா, குனிஞ்சு பாத்தா எனக்கெங்க தெரியுது, தொப்பை மறைக்குது. நோவுதான்னு கேட்டா நோகலைங்கறேன். நோகாததுக்கு எதுக்குக் கட்டு? நோகாததுக்கு எதுக்கு இவ்வளவு பயமா இருக்குது?

இப்ப என்னமோ மெசினை உருட்டிக்கிட்டு வர்றா. கண்ணைத் தொறந்து பாத்துக்கலாமாம். டப்பா, அதுல ஒரு திருகாணி, வயரு, வயரு முனையில ரப்பர் வெச்ச குமிழி. "இது அதிரும்மா. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போவேன். அதிர்ற மாதிரி தெரிஞ்ச உடனே சொல்லுங்க. சத்தத்தைக் கேட்டுச் சொல்லக் கூடாது"ங்கறா, போன தடவை பண்ணின திருட்டுத்தனத்துக்கு. சரி ஆத்தான்னேன். மறுபடியும் கண்ணு மூடல். சோத்துக்கைப் பக்கத்துக் கால் பெருவிரல்ல வெச்சாளாம். திருகறா. காதுல ங்ங்ஙுன்னு ஒரு சத்தம், குளவி சுவத்துல மோதற மாதிரி. கால்ல இல்ல. கூட்டறா. சத்தம் பெருசாகுது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், தறி தூரத்துல ஓடறது இப்பிடித்தான் இருக்கும். நாலு தறி எங்குளுது, ஒட்டுக்கா ஓடினா வீட்டுத் தரையே அதிரும், தம்ளர்ல தண்ணி ஆடும். சமையக்கட்டுல வேலையா நிப்பேன், சடார்னு தெரிஞ்சுரும், மூணாந் தறி நின்னுபோச்சு, இழை அறுந்துருச்சுன்னு. இங்கிருந்தே சத்தம் போடுவேன், என்ர வீட்டுக்காரரு சென்னியப்பன் அங்க போய்ப் பாப்பாரு, நின்னுதான் இருக்கும். "உனக்கு மட்டும் எப்பிடிடி தெரியுது, பக்கத்துல நிக்கற எனக்கே தெரியல"ம்பாரு. காதுதான்னு நெனைச்சிருந்தேன். ரெண்டு வருசமா அது போச்சு. தறி நின்னு சும்மா கெடக்குது, நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கறேன், அவரு வந்து, "ஏன் புள்ள, காது அவிஞ்சு போச்சா உனக்கு"ன்னு கத்துவாரு. காதுதானாக்கும்னு காது டாக்டருகிட்டப் போயி குறும்பி எடுத்துக்கிட்டு வந்தேன். காது சுத்தமாக் கேக்குதும்மான்னுட்டாரு அவரு. கேக்குது, எல்லாங் கேக்குது, தறி நின்னது மட்டுந்தான் தெரியல.

கூட்டிட்டே இருக்கறா. குளவிச் சத்தம் பம்பு செட்டாட்டம் ஆயிருச்சு. "தெரியலையாம்மா?" இல்லீங்க கண்ணு. இந்தத் தடவை பொய் சொல்லத் தோணல. நாலு தறியும் ஒட்டுக்கா ஓடற எடத்துல ஒண்ணு நின்னாக் காது எப்பிடிக் கண்டுபுடிக்கும்? இதைக் கூட யோசிக்கலியே நானு. அது காது இல்ல. தரையில நின்ன காலு. வெறுங்காலோட நின்ன காலுக்குத் தெரிஞ்சிருக்குது, ஒவ்வொரு தறியும் எப்பிடி அதிருதுன்னு. அது சொல்லிக்கிட்டே இருந்திருக்குது, நான் காதுன்னு நெனைச்சுக்கிட்டேன். எப்பத் தறி நின்னது தெரியாமப் போச்சு? ரெண்டு வருசம். எப்பக் குண்டத்துல அந்த வெதுவெதுப்பும் போச்சு? ஐயோ. ஐயோ ஆத்தா. ரெண்டும் ஒண்ணா? அப்ப நீ ஏத்துக்கலியா என்னைய? நான் பஞ்சு மேல நடந்தேன்னு நெனைச்சேனே, அது நீ இல்லியா? சக்கரையா? சக்கரையவா நான் நீயின்னு நெனைச்சு அழுதேன், மஞ்சத்தண்ணி ஊத்த உட்டேன், விபூதி பூசி உட்டேன்? சனம் நம்பி வந்து நின்னுச்சே வாசல்ல. கண்ணுல தண்ணி வருது, காது மடலுக்குள்ள எறங்குது, அது மட்டும் நல்லாத் தெரியுது சூடா. "வலிக்குதாம்மா?"ங்கறா எஸ்தரு பதறிப் போயி. வலிச்சாத்தான் பரவால்லியே கண்ணு. வலிக்கல. வலிக்கலைங்கறேன், ஏங்கி ஏங்கி அழுதுக்கிட்டே.

மெசினை நிறுத்திட்டுத் தண்ணி குடுத்தா. குடிச்சேன். வேண்டாம்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னா, நாளைக்கெல்லாம் வேண்டாம், இன்னைக்கே பாரு, அந்தக் காலையும் பாத்துரு, வெரல்லயும் பாரு, பொறங்கால்லயும் பாரு, எங்கெங்க செத்துக் கெடக்குதுன்னு பாத்துச் சொல்லிருன்னேன். கோவமாச் சொன்னேன், பாவம் அவ மேல என்ன கோவம். பீச்சாங்கைப் பக்கத்துக் கால். பெருவிரல், இல்ல. அடுத்த வெரல், இல்ல. குதிங்கால், அந்த ஆணி ஏறின எடம், இல்ல. உள்ளங்கால் குழியில வெச்சுத் திருகினா. சத்தம் வருது, நான் காதைப் பொத்திக்கிட்டேன் ரெண்டு கையாலயும், பொய் வர வேண்டாம்னு. இருட்டு. என்ர மூச்சுச் சத்தம். அப்ப எங்கியோ, தூரத்துல, சித்தெறும்பு ஊர்ற மாதிரி. இருக்குதா? நெனப்பா? இரு. இருக்குது. ஊர்றது அதிர்ச்சியாகுது, மெல்ல, அடித்தரையில இருந்து வர்ற மாதிரி, சமையக்கட்டுல நிக்கறேன், தூரத்துத் தறி ஓடுது, "ஓடுது கண்ணு, ஓடுது"ன்னு கத்திட்டேன். அவ நிறுத்திட்டா. நின்னுச்சு. நின்னதும் தெரிஞ்சுச்சு எனக்கு. "இப்ப நிறுத்திட்ட"ன்னேன். "ஆமாம்மா, நிறுத்திட்டேன்." மறுபடி போடு. போட்டா. ஓடுது. நிறுத்தினா. நின்னுச்சு. சின்னப் புள்ளையாட்டம் நாலஞ்சு தடவை போட்டு நிறுத்தச் சொன்னேன், அவளும் சலிக்காமப் பண்ணினா. அத்தனை எடத்துல அந்த உள்ளங்கால் குழி மட்டும். ஒரு தம்ளர் வாயளவு எடம்.

"போனது திரும்ப வர்றது கஷ்டந்தாம்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். டாக்டர் விவரமாச் சொல்லுவாங்க. இனிமேல் வீட்டுக்குள்ளயும் செருப்பில்லாம நடக்கக் கூடாது, சூடு தெரியாது உங்களுக்கு, புண்ணானாக் கூடத் தெரியாது, அப்பறம் வெரலை எடு, காலை எடுன்னு ஆயிரும்"னா. அப்பத்தான் சொன்னேன், புதங்கெழமை குண்டம்னு. அவ கையில இருந்த பஞ்சு அப்பிடியே நின்னு போச்சு. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. "எப்பவுமே சுடாதாம்மா உங்களுக்கு?"ன்னா. முந்தியெல்லாம் சுடும் கண்ணுன்னேன். இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டச் சொன்னதில்ல அதை, என்ர வீட்டுக்காரருக்கே தெரியாது. முந்தியெல்லாம் நல்லாச் சுடும், கொப்புளம் கொப்புளமாச் சுடும், பையனுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடப்பேன்னேன். அப்பிடிச் சொல்றப்பத்தான் தோணுது, அப்பெல்லாந்தானே நான் நெசமா எறங்கினேன். சுட்ட வருசமெல்லாம் நான் உனக்குக் குடுத்தது ஆத்தா. சுடாத வருசம் நான் என்னத்தைக் குடுத்தேன்?

கதவு தொறந்து தாரணி வர்றா. என்ர மொகத்தைப் பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. பையில இருந்து என்ர செருப்பை எடுக்கறா, கொண்டாந்திருக்கறா பாரு கள்ளி, மறைச்சு எடுத்தாந்திருக்கறா. கீழ உக்காந்து ஒவ்வொரு காலாத் தூக்கி மாட்டி உடறா. "விரதம்னு தெரியுங்கத்தை, கோவிச்சுக்காதீங்க"ங்கறா. மாட்டுடின்னேன். செருப்பு ஏறினது ஒரு கால்ல தெரியவே இல்ல, குனிஞ்சு பாத்துத்தான் ஏறியிருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இன்னொண்ணுல அந்தக் குழியில மட்டும் லேசா உரசுச்சு. ஊருல என்ன சொல்லுவாங்க? ரங்காத்தாளுக்கு அருள் போயிருச்சும்பாங்க. சொல்லட்டும், வாய் வலிக்கற வரைக்கும் சொல்லட்டும். ஆத்தா, புதங்கெழமை நான் வருவேன், எறங்க மாட்டேன், செருப்பைக் கோயில் வாசல்ல கழட்டி உட்டுட்டுத் தாரணி தோளைப் புடிச்சுக்கிட்டுக் குண்டத்தோரத்துல கால் வெந்து போகாம ஈரச் சாக்கு மேல நிப்பேன், வாக்குத் தப்பிட்டான்னு நெனைச்சுக்காத, கால் ரெண்டும் உசுரோட இருந்தப்பக் குடுத்த வாக்கு அது. மரகதம் இந்த வருசமும் எறங்குவா, எனக்குத் தெரியும், அவளுக்கும் ஒரு புள்ள இருக்குது. பாதியில சுடுதுன்னு அலறிக்கிட்டு அவ கரையேறட்டும். ஊரே பாக்க அவ கால்ல நான் உழுவேன்.